பழுதற்ற முப்பத்தாறு

“குடுத்த முப்பத்தாறையும் திருப்பி வாங்கணும்,” என்றேன். “வாற ஞாயித்துக்கெழம ஆராதன முடியும்போ அறிவிப்பு வாசிக்கணும். வேற ஆரும் இல்ல, நீங்க வாசிக்கணும்.”

செல்வதாஸ் மாமா நிமிரவில்லை. கொச்சிக்குப் போகிற பார்சல் ஒன்றின்மேல் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். பின்கோடின் கடைசி எண் வரைக்கும் எழுதிவிட்டுத்தான் பேனாவை மூடினார்.

“இத மட்டும் இனி எங்கிட்ட கேக்கப்பிடாது எண்ணு பறஞ்ஞனா இல்லியா?”

“பறஞ்ஞிய.”

“பின்ன?”

கையில் இருந்ததை அவருடைய பார்சலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாம்பல் நிற கேம் கன்ட்ரோலர். இடது பக்கம் சிலுவை மாதிரி திசைப் பட்டன், வலது பக்கம் இரண்டு சிவப்புப் பட்டன்கள். மேல்மூடியும் கீழ்மூடியும் பிரிந்து, ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பி, வெள்ளித் தாள் இழுபட்டுப் பளபளத்தது. காலையில் கடை திறந்ததும் ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்தது. மகன் விளையாடும்போது சூடாகிறதாம். மூடி நிற்க மாட்டேன் என்கிறதாம். ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி வைத்திருந்தாராம், ஒரு வாரமாக. பின்பக்கம் வெள்ளி மையில் ‘அபினேஷ், நான்காம் வகுப்பு’ என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.

எங்கள் கடை மார்த்தாண்டத்தில், மேம்பாலத்தின் நிழல் விழுகிற வரிசையில் இருக்கிறது. தொண்ணூறுகளில் கல்ஃபில் இருந்து வந்தவர்கள் பிள்ளைகளுக்கென்று டிவி கேம் பெட்டிகள் கொண்டுவந்தார்கள். பாதி இன்னும் பரண்களில் கிடக்கின்றன. கடை முதலாளியான மாமா அவற்றைத் தேடி வாங்குவார். ஆன்ஸ்லின் அண்ணன் துருவைச் சுரண்டி, இப்போதைய டிவியில் ஓடும்படி மாற்றுவார். கன்ட்ரோலர் என் பொறுப்பு. வாங்குகிறவனுக்குப் பழைய கூடும் பழைய பட்டனும் அப்படியே வேண்டும், ஒயர் மட்டும் வேண்டாம். ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே சின்ன வயர்லெஸ் போர்டு, ஒரு பேட்டரி, ஒரு சார்ஜ் போர்டு வைப்பேன். பழைய பட்டனை அமுக்கும்போது வருகிற அந்த ‘டக்’ கெடாமல் புதுப் போர்டை உட்கார வைக்க எனக்கு மூன்று மாதம் பிடித்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அதில் எனக்கு மண்டை கொள்ளாத பெருமை இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒயரை எடுத்தால் அது வெளியே வந்த ஓட்டை மிச்சமாகும். அந்த ஓட்டையில்தான் எல்லாம் ஆரம்பித்தது. சார்ஜ் செய்ய, போனில் இருப்பது போன்ற டைப்-சி வாய் வைக்கலாம் என்றேன். அதற்குக் கூட்டை நீளமாக அறுக்க வேண்டும். இருபது நிமிட வேலை, பத்தில் இரண்டு கூடு விண்டுபோகும். உருண்டைப் பின் குத்துகிற வாய் என்றால் ஒயர் ஓட்டையில் சொருகினாற்போல உட்கார்ந்துகொள்ளும்.

“உருண்ட பின் வச்சா போதும் பிள்ளே. கூட்டுல கத்தி படப்பிடாது,” என்றார் மாமா.

செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் பின்னும் அதே அளவு என்று சொன்னேன். இது ஐந்து வோல்ட் வாங்குகிற பொருள், அது பன்னிரண்டு வோல்ட் தருவது. பொருந்துகிற பின்னை ஆள்கள் குத்திவிடுவார்கள், டிவி ஸ்டாண்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். மாமா யோசித்தார். அப்புறம், ‘5V மட்டும்’ என்று ஸ்டிக்கர் அடித்து ஒட்டச் சொன்னார். நான் ஒட்டினேன். நான்கு வருடம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், ஸ்டிக்கர் ஒட்டினேன்.

முதல் தடவை செய்த முப்பத்தாறும் சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவுக்குப் பரிசாகப் போயின. மாமா சபைச் செயலர். புதிதாக எதைத் தொடங்கினாலும் முதற்பலன் ஆண்டவருக்கு என்பது அவர் வழக்கம். தோட்டத்தில் முதல் வாழைக்குலை, கடையில் முதல் தொகுதி. எங்கள் பக்கத்தில் இதில் அதிசயம் ஒன்றும் இல்லை, என் அப்பாவும் புதிதாக வெட்டத் தொடங்குகிற ரப்பர் மரத்தின் முதல் ஷீட்டைச் சபைக்குத்தான் கொடுப்பார். ஆனால் நான் இரண்டே இரண்டு கன்ட்ரோலரை எடுத்து, ஒரு வாரம் சார்ஜ் போட்டு, தப்பான அடாப்டரையும் குத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

“ஆண்டவருக்குக் குடுக்குதது பழுதில்லாம இருக்கணும். நீ வெளயாடிக் களிச்சு அழுக்காக்கினத கொண்டு வைக்கதா?” என்றார்.

ஆக, சோதிக்க வேண்டிய முதல் தொகுதியைத்தான் நாங்கள் சோதிக்கவில்லை. முப்பத்தாறும் கைபடாமல், பழுதில்லாமல், ரிப்பன் கட்டிப் பலிபீடத்துக்கு முன்னால் அடுக்கப்பட்டன. எங்கள் சபைப் போதகரான ஐயர் ஜெபித்தார். ஒவ்வொன்றின் பின்னாலும் பிள்ளைகளின் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன்.

பதினெட்டாவது நாள் ஸ்மைலினின் கையில் ஒன்று தீப்பிடித்தது. பன்னிரண்டு வயது. வலது உள்ளங்கை வெந்து, மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு ஆபரேஷன் ஆகிவிட்டது. மூன்றாவதுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். இடது கையால் எழுதப் பழகுகிறாள்.

அவள் அம்மா ஷீஜா அக்கா இங்கேதான் ஒரு ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறாள். புருஷன் சவூதியில். தீப்பிடித்த ஒன்பதாம் நாள் கடைக்கு வந்தாள், கரிந்த கன்ட்ரோலரை நியூஸ் பேப்பரில் பொதிந்து எடுத்துக்கொண்டு. சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சண்டை போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

“அண்ணா, எனக்கத் தப்பாக்கும்,” என்றாள். “செட்டாப் பாக்ஸுக்க பின்ன எடுத்துக் குத்திட்டேன். ஐயர் ஜெபிச்சுத் தந்த சாதனம். நான் நாசமாக்கிட்டேன்.”

மாமா எழுந்து அவள் தலையில் கை வைத்தார். “சாரமில்ல ஷீஜா. தெரியாமச் செய்ததுதானே. ஆண்டவரு மன்னிப்பாரு.”

மன்னித்தார். என் முன்னால், என் மேசையில் இருந்து ஆறடி தூரத்தில், அவளை அவர் மன்னித்தார். நான் சோல்டர் அயனைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஷீஜா அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் மாமாவிடம் முதல் தடவை கேட்டேன். இனி இதைக் கேட்காதே என்றார். மறுநாள் காலையில் அறுக்கிற கருவி ஒன்று வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். இரண்டாவது தொகுதியில் இருந்து எல்லாம் டைப்-சி. கொச்சிக்காரனுக்கும் பெங்களூர்க்காரனுக்கும் பத்திரமான சாதனம் போகிறது. எங்கள் பிள்ளைகளின் வீட்டில் பழையது கிடக்கிறது.

இப்போது அந்த உப்பிய கன்ட்ரோலரை மாமா பேனாவால் லேசாகத் தள்ளிப் பார்த்தார்.

“குத்தாதீங்க,” என்றேன். “பொட்டினா இஞ்சயே தீ பிடிச்சுக் கத்தும்.”

பேனாவை எடுத்துவிட்டார். “ஒண்ணு ரெண்டு உப்பும் பிள்ளே. போன் உப்புதில்லியா?”

“போன் உப்பினா கம்பெனிக்காரன் திருப்பி எடுப்பான்.”

“அவன் கம்பெனி. நான் கடைக்காரன்.”

“கம்பெனி ஆக்கப் போறேன்னு நேத்துத்தானே மாமா சொன்னிய. போர்டு எழுத ஆளு விளிச்சியளே,” என்றார் ஆன்ஸ்லின் அண்ணன், குனிந்த தலை நிமிராமல்.

“நீ உனக்க வேலய நோக்குலே.”

“நோக்குதேன், நோக்குதேன். கண்ணு ரெண்டும் இதுலதான் இருக்கு. காதுதான் சும்மா கெடக்கு.”

மாமா குரலைத் தணித்தார். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கும். “கேளு மக்ளே. நான் மனசில்லாதவன் இல்ல. ஆஸ்பத்திரிக்கு எத்தன தடவ போனேன்னு உனக்குத் தெரியும். ஒவ்வொண்ணா வாங்கலாம். சர்வீஸ் எண்ணு சொல்லி, மிண்டாம, ஒரு வீடு ரெண்டு வீடா.”

“எப்பம்?”

“எலக்ஷன் களியட்டு.”

சபை எலக்ஷன் முடியட்டும் என்கிறார். அடுத்த மாதம் பதினாறாம் தேதி. அவர் மறுபடி செயலருக்கு நிற்கிறார்.

“அதுக்குள்ள வேற ஒரு பிள்ளைக்க கை போனா?”

“அப்பிடி ஒண்ணும் நடக்காது. ஜெபிக்கேன் நான்.”

“அபினேஷுக்க வீட்டுல ரப்பர் பேண்ட் போட்டு வச்சிருக்கு மாமா. ஒரு வாரமாட்டு. அந்தப் பய அத மடியில வச்சுக் களிச்சிருக்கான். நீங்க ஜெபிக்கும்போதும் களிச்சிட்டுத்தான் இருந்திருப்பான்.”

அவர் முகம் மாறியது. எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

“செரி. அறிவிப்பு வாசிக்கேன்னு வையி. மொதல்ல என்ன கேப்பாவ? ஆராக்கும் செய்ததுன்னு கேப்பாவ. சோல்டர் வச்ச கை ஆருக்க கை?”

“எனக்க கை.”

“டிகிரி ஆருக்கு இருக்கு? எனக்கா? நான் பத்தாங்கிளாஸ் தோத்தவன். இஞ்சினியருக்குப் படிச்ச பிள்ள சொல்லுச்சு, நான் நம்பினேன். அம்புடுதான் நான் சொல்லுவேன். போலீஸ் வந்தாலும் அததான் சொல்லுவேன். உனக்க படிப்புக்கு ஆரு லெட்டர் தந்தது எண்ணும் ஓர்த்துக்க.”

கல்லூரியில் சீட் கிடைக்கச் சபைச் செயலர் என்ற முறையில் லெட்டர் கொடுத்தவர் அவர்தான். அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்துக் கறை பிடித்த விரல்களோடு என் அம்மா அந்த லெட்டரை வாங்கப் போனாள். அன்றில் இருந்து வாரம் ஒரு தடவையாவது சொல்வாள், அவரிடம் எதையும் கேட்டுவிடாதே என்று.

அதே நினைப்பு அவருக்கும் வந்திருக்க வேண்டும். போனை எடுத்து அம்மாவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். “குளோரி, உனக்க மொவ இஞ்ச நிண்ணு எங்கிட்ட சட்டம் பேசுதா. என்னன்னு கேளு.”

அம்மாவுக்குப் பின்னால் கொட்டை உடைக்கிற சத்தம் கேட்டது. “ஏட்டி, என்ன கேட்ட?”

“அந்தக் கன்ட்ரோலர எல்லாம் திருப்பி வாங்கணும்னு கேட்டேன்.”

“மிண்டாம இரி எண்ணு எத்தன வட்டம் சொல்லியிருக்கேன். அவருக்க எழுத்துலயாக்கும் நீ படிச்ச. உனக்கு நல்ல ஒரு வேல ஆவதுக்குள்ள எல்லாத்தையும் கெடுத்துக் குட்டிச்சுவராக்கணுமா? மன்னிப்புக் கேளு.”

“ஷீஜாக்காவும் அததான் கேட்டா அம்மா.”

அம்மா அடுத்த கொட்டையை உடைத்தாள். பிறகு லைன் போய்விட்டது.

மாமா போனைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தோற்றவர் மாதிரி இல்லை, பேரம் முடிக்கப் போகிறவர் மாதிரி. கொச்சியில் அவருக்குத் தெரிந்த ஒரு கம்பெனி இருக்கிறதாம். கன்ட்ரோலர் செய்ய ஆள் தேடுகிறார்களாம். என் வேலையைப் பார்த்துவிட்டு ஏற்கெனவே விசாரித்தார்களாம். ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த மாதமே போய்ச் சேரலாமாம்.

“எலக்ஷன் களியட்டு,” என்றேன்.

“ஆமா. எலக்ஷன் களியட்டு.”

அப்படி ஒரு வேலைக்காக நான் எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இப்போதும் ஆசை வந்தது என்பதை மறைக்க மாட்டேன். வந்தது, அவ்வளவுதான்.

கடையின் மூலையில் தீக்கென்று வைத்திருக்கிற மணல் வாளியை இழுத்தேன். உப்பிய கன்ட்ரோலரை இரண்டு கையாலும் ஏந்தி மணலில் இறக்கி, மேலேயும் மணல் போட்டு மூடினேன். அபினேஷ் என்ற பெயர் கடைசியாக மறைந்தது. என் மேசைக்கு வந்து அயனை அணைத்தேன். எனக்குச் சொந்தமான மல்டிமீட்டரைப் பையில் போட்டேன்.

“எங்ஙோட்டு?” என்றார் மாமா.

“ஷீஜாக்காவுக்க வீட்டுக்கு. அக்கா குத்தின பின் தப்பில்ல, நான் வச்ச வாய்தான் தப்புன்னு சொல்லணும். அது முடிஞ்சிட்டு மத்த முப்பத்திநாலு வீடும்.”

“லிஸ்டு எனக்க பீரோவுக்குள்ள கெடக்கு.”

“முப்பத்தாறு பேரையும் நான்தானே எழுதினேன் மாமா.”

“ஷீஜா உன்ன என்ன செய்வான்னு நெனச்சியா? உனக்க மேலதான் கேஸ் குடுப்பா.”

“குடுக்கட்டு.”

காலையில் அந்த ரப்பர் பேண்டை அவிழ்த்தபோதே எனக்கு இது முடிவாகிவிட்டது. அவரிடம் கேட்டது, அறிவிப்பை அவராகவே வாசிக்க ஒரு வாய்ப்பு விட்டுப் பார்ப்பதற்காக.

ஆன்ஸ்லின் அண்ணன் எழுந்து வந்து மணல் வாளியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். “வாங்குதது எல்லாத்தையும் இதுலயே போடு. கனம் உண்டு, கேட்டியா. பஸ்ஸுல சீட்டுக்கு அடியில வையாத. கையில வச்சுக்க.” திரும்பிப் போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அவருடைய மூத்தவள் பெயரையும் நான் வெள்ளி மையில் எழுதியிருந்தேன்.

அதை அவரிடம் நினைவுபடுத்தலாமா என்று வாசலில் ஒரு நொடி நின்றேன். அவர் ஏற்கெனவே போனை எடுத்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டிருந்தார். “அந்தக் கேமுக்க சாதனத்தத் தொடாத,” என்று சொல்வது கேட்டது.

ஒரு வீடு குறைந்தது. கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, வாளியோடு படி இறங்கினேன்.