மூன்றாவது பெடல் இயக்கத்தின் தலைவர்

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கியரைக் கையால்தான் போட வேண்டும், கிளட்ச் இல்லாத கார் கார் அல்ல, லிஃப்ட் என்று வீடியோவில் வாய் கிழியப் பேசுகிற அந்த மனிதருக்குக் கிளட்ச் மிதிக்கத் தெரியாது. எங்கே வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். இரண்டு மாதமாக அவருக்கு மிதிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

அவருடைய சங்கத்தில் எல்லோரும் அவரைத் தலைவர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், மரியாதைக்காக அல்ல, அடையாளத்துக்காக. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களும், என்றைக்காவது வாங்கிவிடுவோம் என்று ஸ்டிக்கரை மட்டும் வாங்கி ஒட்டியிருப்பவர்களும் சேர்ந்த சங்கம் அது. போன வருஷம் ஒரு கார் கம்பெனி தன்னுடைய புது ஸ்போர்ட்ஸ் மாடலில் கிளட்ச்சை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. கண் சிமிட்டுவதற்குள் கம்ப்யூட்டரே கியர் மாற்றிவிடுகிறது, நடுவில் மனுஷன் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தலைவர் கொதித்துப்போய் ‘மூன்றாவது பெடல் இயக்கம்’ என்று ஒன்றை ஆரம்பித்தார். பல்லாயிரம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். கம்பெனி இறங்கி வந்தது. கியர் வைத்த மாடலும் வரும், முதல் வண்டியைத் தலைவரே மேடையிலிருந்து ஓட்டி இறக்குவார் என்று சொல்லிவிட்டது.

அங்கேதான் வசமாக மாட்டிக்கொண்டார். அதுவரை அவர் வாங்கிய நான்கு ஸ்போர்ட்ஸ் கார்களும் ஆட்டோமேட்டிக்.

ஊரின் மறுகோடியில், அறிந்தவர் தெரிந்தவர் யாரும் வராத டிரைவிங் ஸ்கூலாகப் பார்த்து எங்களுடையதைப் பிடித்தார். காலை ஆறு மணி வகுப்பு. தொப்பி, முகத்தை மூடிய மாஸ்க், இருட்டு விலகாத நேரத்திலேயே கறுப்புக் கண்ணாடி. வங்கியைக் கொள்ளையடிக்க வந்தவர் போல ஏறி உட்கார்ந்தார்.

"வெளிய தெரிஞ்சா என் மானமே போயிடும் மேடம்."

"கத்துக்கிறதுல என்ன சார் மானம்?"

"கத்துக்கிறது தப்பில்ல. எனக்குத் தெரியாதுங்கறதுதான்..." என்று முடிக்காமல் விட்டார். முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அவருடைய பிரச்சினை ஒன்றே ஒன்று. கிளட்ச்சை மிதிப்பார். விடும்போது, காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டதுபோல வெடுக்கென்று எடுத்துவிடுவார். மற்றக் கால் ஆக்ஸிலேட்டரில் ஏறி நிற்கும். வண்டி ஒரு எம்பு எம்பிப் பாயும். எங்கள் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. அவர் முட்டி மேலே வரும்போதே என் கால் கீழே போகும். நான் மிதித்து, மெல்ல மெல்ல விட, வண்டி அமைதியாக நகரும். உடனே அவர் குரலில் ஏறும் ஆனந்தத்தைக் கேட்க வேண்டுமே. "பாத்தீங்களா மேடம், வண்டி என்கூடப் பேசுது!" என்பார். பேசுவது என் முட்டி என்று அவருக்கு யார் சொல்வது?

ஸ்போர்ட்ஸ் கார் ஒரு பொம்மை. பொம்மையில் மூன்று பெடல் வைத்தால் என்ன, முப்பது வைத்தால் என்ன? ஆசைப்பட்டவன் வாங்கி விளையாடட்டும். ஆனால் கிளட்ச்சில் ஆன்மா இருக்கிறது, உயிர் இருக்கிறது என்று இவர்கள் உருகும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விடுமுறை நாளில் காலி ரோட்டில் நாற்பது நிமிஷம் மிதிப்பவனுக்கு அது ஆன்மா. பதினெட்டு வருஷமாக, நெரிசலில், ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், கற்றுக்கொள்ள வந்த அத்தனை பேருக்கும் சேர்த்து மிதித்தவள் நான். என்னுடைய ஆன்மா முழுக்க இடது முட்டியில் வீங்கிக் கிடக்கிறது. மாடிப்படியில் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கிளட்ச்சை விடுங்க, இல்லன்னா வேலையை விடுங்க" என்று சொல்லிவிட்டார். வேறு வேலை எனக்குத் தெரியாது.

வழி இருந்தது. ஸ்கூலின் இரண்டு வண்டிகளில் ஒன்று ஓய்ந்துபோய் நின்றது. அதற்குப் பதிலாக ஒரு ஆட்டோமேட்டிக் வாங்கினால் நான் அதில் சொல்லிக்கொடுப்பேன், மற்றதை அண்ணன் பார்த்துக்கொள்வான். ஃபோன் எடுப்பது அண்ணி. அவளும் படித்துப் படித்துச் சொன்னாள்: "வர்ற பத்து ஃபோன்ல ஆறு ஃபோன் ஆட்டோமேட்டிக் இருக்கான்னுதாங்க கேக்குறாங்க."

ஸ்கூல் அண்ணனுடையது. அவன்தான் முடிவு செய்ய வேண்டும். அவனோ தலைவரின் பக்தன். ஸ்டிக்கர் கோஷ்டி. ஓட்டுவது பழைய சரக்கு வேன். அதன் பின்கண்ணாடியில் மூன்று பெடல் படம்.

"என் ஸ்கூல்ல லிஃப்ட் ஓட்டக் கத்துக்கொடுக்க மாட்டேன்" என்றான்.

"என் கால் போயிடும்ணா."

"எல்லாருக்கும் வயசானா முட்டி வலிக்கத்தான் செய்யும். தைலம் தேய்."

எனக்கு வயது நாற்பத்தொன்று.

கடைசியில், தலைவரை ஸ்கூலுக்கு அழைத்து அவர் வாயாலேயே கேட்டு, அவர் சொல்கிற வண்டியை அன்றைக்கே பதிவு செய்துவிடுகிறேன் என்றான். தன் தலைவர் தினமும் காலையில் தன் வண்டியில்தான் துள்ளுகிறார் என்பது அவனுக்குத் தெரியாது. ஆறு மணிக்கு எழுந்த பழக்கம் அவனுக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

மறுநாள் வகுப்பில் நான் நேரடியாகவே கேட்டேன்.

"சார், ரெண்டு மாசமா நான் வாயைத் திறக்கல. எனக்கு நீங்க ஒண்ணு செய்யணும். எங்க அண்ணன் உங்களக் கூப்பிட்டிருக்கான். கத்துக்கொடுக்கிற வண்டிக்கு ஆட்டோமேட்டிக் நல்லதுதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

தன்னைக் கூப்பிட்டிருந்தவன் என் அண்ணன் என்று கேட்டதும் தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நெஞ்சில் கை வைத்தார். "இதென்ன மேடம் பெரிய விஷயம்? உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா?"

நம்பினேன். மனுஷனுக்குக் கால்தான் ஒத்துழைக்காது, வாய் நன்றாகத்தானே வேலை செய்கிறது என்று நம்பினேன்.

சனிக்கிழமை தலைவர் வந்தார். தனியாக வரவில்லை. சங்கத்தார் முப்பது பேர், ஒவ்வொருவர் கையிலும் ஃபோன். விரல் மட்டும் வெளியே தெரிகிற தோல் கையுறை போட்ட ஒருவர், நின்ற இடத்திலேயே காற்றில் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் புதுச் சட்டை போட்டு, பல்லை இளித்துக்கொண்டு, கால் தரையில் படாமல் சுற்றினான். பயிற்சி மைதானத்தின் நடுவில் வைத்துக் கேட்டான்.

"தலைவரே, ஸ்கூலுக்குப் புது வண்டி. கியரா, ஆட்டோமேட்டிக்கா? நீங்க சொல்றதுதான்."

தலைவர் என்னைப் பார்த்தார். பிறகு ஃபோன்களைப் பார்த்தார். அந்த ஒரு நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒரு டிரைவிங் ஸ்கூல்ல வந்து இந்தக் கேள்வியா?" என்று சிரித்தார். "நாளைக்கு ஒருத்தன் ஸ்போர்ட்ஸ் கார்ல உக்காருவான்னா அவன் கால் இங்கதாங்க பொறக்குது. லிஃப்ட்ல வளர்ற காலு என்னிக்குமே காலாகாது."

முப்பது பேரும் கைதட்டினார்கள். அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தூ! நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. அதற்கே தொடை நடுங்குகிறவன் இயக்கம் நடத்துகிறானாம் இயக்கம்.

அண்ணனுக்கு அதோடு திருப்தியில்லை. "தலைவரே, நம்ம வண்டிய ஒரு சுத்து நீங்க ஓட்டணும். வீடியோ எடுக்கணும்" என்றான். தலைவர் முதுகு வலி என்றார், செருப்பு சரியில்லை என்றார். சங்கத்தார் விடவில்லை. ஏறித்தான் ஆகவேண்டியதாயிற்று. சொல்லிக்கொடுப்பவர் பக்கத்தில் உட்காராமல் அந்த வண்டி ஒரு அடிகூட நகரக் கூடாது என்பது ஸ்கூலின் சட்டம். அதனால் நானும் ஏறினேன்.

சந்தோஷமாகத்தான் ஏறினேன். பொய் சொல்ல மாட்டேன். இன்றைக்கு முப்பது ஃபோன் முன்னால் வண்டி எம்பும், நிற்கும். பக்தன் கண்ணாலேயே பார்ப்பான். சாயங்காலம் எனக்கு ஆட்டோமேட்டிக் வந்துவிடும். நான் இடது காலைப் பெடலிலிருந்து எடுத்து, கதவோரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டேன்.

தலைவர் அதைப் பார்த்தார். "மேடம்" என்றார், உதடு அசையாமல். "ப்ளீஸ்."

"உங்க கால் இங்கதானே சார் பொறந்துச்சு? ஓட்டுங்க."

அவர் கிளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டார். இன்ஜின் அலறியது. அப்போதுதான் அண்ணன், வீடியோ கீழேயிருந்து எடுத்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான் போலிருக்கிறது. ஓடிவந்து, வண்டிக்கு முன்னால் இரண்டு முழ தூரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தான். ஃபோனுக்குப் பின்னால் அவன் ஒரு கண்ணை மூடியிருந்தான். தலைவரின் முட்டி வெடுக்கென்று மேலே வந்தது.

என் கால் தானாகப் போய் மிதித்துவிட்டது.

முட்டிக்குள் யாரோ கம்பியைச் செருகியதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல மெல்ல விட்டேன். வண்டி அமைதியாக நகர்ந்தது. அண்ணன் எழுந்து, வீடியோ எடுத்தபடியே பின்னோக்கி நடந்தான், வண்டிக்கு முன்னாலிருந்து நகரவே இல்லை. அதனால் இரண்டாவது கியருக்கும் நானே மிதித்தேன். அவன் ஒருவழியாக ஓரம்போன பிறகும் முப்பது பேர் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்றாவதற்கும் மிதித்தேன். மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவந்து நின்றபோது விசில் பறந்தது. தலைவர் இறங்கிக் கையை உயர்த்தினார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் கதவைத் திறந்து, காலை இரண்டு கையாலும் தூக்கி வெளியே வைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"இந்த ஆளுக்கு வண்டி எடுக்கத் தெரியாது. ரெண்டு மாசமா காலைல ஆறு மணிக்கு என்கிட்டத்தான் படிக்கிறாரு. இப்பவும் நான்தான் மிதிச்சேன்."

முப்பது ஃபோனும் தலைவர் பக்கம் திரும்பின. பிறகு தலைவர், "மேடம் நல்லா ஜோக் அடிப்பாங்க" என்றார். கையுறைக்காரர்தான் முதலில் சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குழுவாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஆபீஸ் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போனான். அவன் வண்டியை அறிந்தவன். எம்பவேண்டிய இடத்தில் எம்பாததை அவனும் கவனித்திருப்பான். நம்புகிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. அவ்வளவு வலியிலும் எனக்கு உயிர் வந்தது.

"நீதான் மிதிச்சியா?"

"ஆமாண்ணா."

"மூணு கியருக்குமா?"

"மூணுக்கும் நான்தான். நீ முன்னாடி உக்காந்திருந்தே."

"ஒரு குலுக்கல்கூட இல்ல" என்றான் அண்ணன். "இவ்வளவு நல்லா மிதிக்கிறவ, முட்டி போச்சு முட்டி போச்சுன்னு ஆறு மாசமா என்கிட்ட எதுக்குடி நாடகம் ஆடினே?"

கியர் வண்டியையே பதிவு செய்யச் சொல்லி அண்ணியிடம் குரல் கொடுத்துவிட்டு, படம் எடுத்துக்கொள்ள ஓடினான். அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த வசவெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது.