பாத்திக்கு அடியில் இரண்டரைப் பிரதிகள்

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது அக்கா. "எப்பப் பார்த்தாலும் எதையாவது எழுதிட்டுதானே இருக்கே, நேத்து நடந்ததை எழுதேன்" என்றாள். ஒரு கதைக்கு இதைவிடச் சப்பென்ற பிறப்பு இருக்க முடியாது. பிறகு தெரிந்து நீங்கள் வருத்தப்படுவதைவிட இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"விடியற்காலைப் பனியில் அந்தப் புல்தரை ஒரு பச்சைக்..."

கம்பளம் என்று எழுதக் கை போனது, இழுத்துப் பிடித்தேன். மேலும், எல்லாம் நடந்தது காலை பத்தரை மணிக்கு. பனி எப்போதோ காய்ந்துவிட்டது. இரண்டாவது தொடக்கம்:

"பெண்ணும் மண்ணும் ஒன்றுதான் என்று..."

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இதை அழி" என்றாள். அழித்தேன். ஆகவே நேராகவே சொல்கிறேன்: அக்காவும் அத்தானும் பதினோரு நாள் பேசிக்கொள்ளவில்லை. காரணம், புல்.

2

அத்தான் நில அளவையாளர். ஊரார் நிலத்தையெல்லாம் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து, பின்பக்கத்துப் புல்தரையின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்காருவார். அந்தப் புல்லுக்குத் தண்ணீர் காட்டி, களை பிடுங்கி, நான்கு வருடமாக வளர்த்தது அவர்தான். அக்கா ஆஸ்பத்திரியில் செவிலி. அவளுக்கு அங்கே காய்கறி போட வேண்டும். ஒரு விடுமுறை நாள் முழுக்க வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துக் குறித்தாள். ஆறு மணி நேரம் முழு வெயில் விழும் இடம் அந்த வீட்டில் ஒன்றே ஒன்று. அந்த நாற்காலியின் கீழ்.

"புல்லை நாலு வருஷமா வளக்கறீங்க. ஒரு நாளாவது வதக்கிச் சாப்பிட முடிஞ்சுதா?" என்று கேட்டாள்.

அத்தான் பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எதற்குமே சொல்லவில்லை. அவளும் விட்டுவிட்டாள்.

(வாசகர் கேட்கலாம்: நீ யார், அங்கே உனக்கு என்ன வேலை? நான் தம்பி. மாடி அறையில் "கொஞ்ச நாளைக்கு" என்று வந்து இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பதினோரு நாளும் எனக்கு வேலை இருந்தது. "உப்பு குறைச்சலா இருக்குன்னு உங்க அக்காகிட்ட சொல்லு." "உப்பு டப்பா பக்கத்துலதான் இருக்குன்னு உங்க அத்தான்கிட்ட சொல்லு." மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் இருப்போம்.)

3

இந்த இடத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரரைக் கொண்டுவந்து வேலி மேல் தலையை நீட்டித் தத்துவம் பேச வைத்தேன். நன்றாகத்தான் பேசினார். ஆனால் அவர் வந்தால் வேலை நின்றுவிடுகிறது. அனுப்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தாள். புல்வெட்டும் மிஷினை எடுத்து, குறித்த இடத்தை மட்டும் ஒட்ட வெட்ட ஆரம்பித்தாள். தோண்ட வேண்டியதில்லையாம். புல்லை மொட்டையாக வெட்டி, மேலே அட்டையைப் பரப்பி நனைத்து, அதன்மேல் மரச்சட்டத்தை வைத்து மண் நிரப்பினால் போதும். வெளிச்சமில்லாமல் புல் அடியிலேயே செத்து உரமாகிவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி சொன்னாராம்.

அத்தான் ஜன்னலில் நின்று பார்த்தார். புல் சாவதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கோணலாகச் சாவதைப் பொறுக்க முடியவில்லை. அளவு நாடாவோடும் நூலோடும் இறங்கி வந்தார்.

"கோணலா போகுதுன்னு சொல்லு மாப்ளே."

"கோணலா வெட்டினாலும் புல்லு சாகும்னு சொல்லு."

சொன்னேன். அத்தான் நான்கு மூலையிலும் குச்சி நட்டு நூல் கட்டினார். அக்கா நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நூலுக்குள்ளேயே வெட்டினாள்.

4

இனி அட்டை. இந்தப் பகுதியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன்.

வீட்டில் அட்டைப்பெட்டி இருந்தது ஒரே இடத்தில்தான்: என் கட்டிலுக்கு அடியில். நான்கு பெட்டி. உள்ளே என் ஒரே நாவல். பதிப்பாளர் "உங்ககிட்டயே இருக்கட்டும் சார்" என்று திருப்பி அனுப்பியவை.

"பெட்டி மட்டும்தான்டா" என்றாள் அக்கா. "புக்கு உனக்கே."

புத்தகங்களைக் கட்டில்மேல் கொட்டிவிட்டுப் பெட்டிகளைக் கீழே கொண்டுவந்தேன். ஒட்டியிருந்த டேப்பை உரித்து, பெட்டியைப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று சாண் அளவு ஏறும்படி பரப்பினோம். அக்கா குழாயைப் பிடித்தாள். அட்டை நனைந்து புல்லோடு ஒட்டிப் படுத்தது. அத்தான் மரச்சட்டத்தை வைத்து, குறுக்கே மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைப் போட்டார். அதற்குள்ளிருந்த குமிழ் ஒரு பக்கமாக ஓடியது. கிழக்கு மூலை பள்ளம்.

"கல்லு வெக்கலாமா அத்தான்?"

"உருளும்."

"மண்ணு?"

"அமுங்கும். தட்டையா, கெட்டியா, அஞ்சு சென்டிமீட்டர் வேணும்."*

இருவரும் மெல்ல மாடி ஜன்னலைப் பார்த்தார்கள். என் நாவல் இரண்டு சென்டிமீட்டர் கனம்.

இரண்டு பிரதிகளை எடுத்து வந்தேன். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாதவை. "நல்லதாப் போச்சு, தண்ணி இறங்காது" என்றார் அத்தான். வைத்தோம். குமிழ் இன்னும் நடுவுக்கு வரவில்லை. மூன்றாவதை வைத்தால் தாண்டிப் போனது.

"மூணாவதைப் பாதியாக் கிழிச்சா?" என்றாள் அக்கா.

"முன்னுரையோட பாதியா, முன்னுரை இல்லாமப் பாதியா?" என்றார் அத்தான்.

"முன்னுரையை எடுத்துடுங்க. அது ரொம்ப நீளம்."

"ஆமா. நானும் அங்கதான் நிறுத்தினேன்."

வாசகரே, கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். அத்தான் அக்காவிடம் சொன்னார். நடுவில் நான் இல்லை. அந்த முன்னுரையை நான் நாற்பது நாள் எழுதினேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அசைந்தால் நிறுத்திவிடுவார்களோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, என் நாவலை நானே நூற்றுப் பத்தாம் பக்கத்தில் இரண்டாகக் கிழித்துக் கொடுத்தேன். குமிழ் நடுவில் வந்து நின்றது. அக்கா சிரிக்க ஆரம்பித்து ஈர அட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் அவளைத் தூக்கிவிடக் கை நீட்டினார். அவரும் வழுக்கி உட்கார்ந்தார்.

* அத்தானின் திருத்தம்: நான்கு புள்ளி ஒன்பது.

5

இங்கேயே முடித்திருக்கலாம். அப்படித்தான் ஒரு முடிவு எழுதியும் பார்த்தேன்: "சேற்றில் இருவரும் கைகோத்து அமர்ந்திருக்க, வானத்தில்..." வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முடிவில் என் நாவலை ஒரு மண்புழு விரும்பிப் படித்தது. வேண்டாம்.

நடந்தது இதுதான். மண்ணும் எருவும் கொட்டி நிரவினோம். அக்கா, "முதல்ல தக்காளி" என்றாள். அத்தான், "கத்தரி" என்றார். "உங்களைக் கேட்கலை" என்றாள். "என் புல்லு மேல நிக்குது, நான் சொல்லுவேன்" என்றார். நேருக்கு நேராக, முழு வாக்கியங்களில், அரை மணி நேரம். அவ்வளவு அழகான சண்டையை நான் கேட்டதில்லை. பிறகு இருவரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"நீயே சொல்லுடா."

"சொல்லு மாப்ளே."

மேஜையில் எழுத வேண்டியது இருக்கிறது என்று நேற்றே மாடிக்கு வந்துவிட்டேன். அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கீழே இன்றும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். பாத்தி காலியாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள், அதையே நான் சொல்லிவிடுகிறேன். ஆனால் யோசித்துச் சொல்லுங்கள். எனக்குச் சாப்பாடு இந்த வீட்டில்தான்.