பட்டைக்கு அடியில்

வலது தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. தையல்காரி அதை யாரிடமும் சொல்லவில்லை. காடாத்துணியில் ஒரு பட்டை தைத்து, நடுவில் பஞ்சுத் திண்டு வைத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எட்டு மாதம் அப்படியே ஓட்டினாள். ஒரு நாள் மிஷினை மிதித்த கால் மேலே எழவில்லை. வலியில் உயிர் போகிற மாதிரி இருந்தது.

நாத்தனார்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் அவளே பதில் சொன்னாள்.

"பாரம் தூக்கினீங்களா?"

"துணி மூட்டைய இவதான் தூக்குவா. சொன்னா கேட்டாத்தானே! நாலு வருஷமா ஒரு குழந்தை இல்ல, தூக்கறதுக்கு மூட்டைதான் இருக்கு."

"குடலிறக்கமா இருக்கும். ஸ்கேன் எடுத்துட்டு வாங்க."

ஸ்கேன் எடுப்பவள் நாத்தனாரை வெளியே நிறுத்தினாள்.

"நான் என்ன வேத்தாளா?"

"இல்லங்க, ரூம் சின்னது."

திரையில் கறுப்பாக ஒரு பை. அதன் வால் வயிற்றை நோக்கி மேலேறியது.

"இருமும்மா... அசையல. குடல் இல்ல, நீர்ப்பை. கருவுலயே மூடவேண்டிய பாதை சிலருக்கு மூடாம நின்னுடும். பொம்பளைங்களுக்கு ரொம்ப அபூர்வம்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மாசாமாசம் தூரம் வர்றப்ப இது வீங்குமா? வலி கூடுமா?"

வீங்கும். அந்த மூன்று நாளும் பட்டை எட்டாது. தையல்காரி கதவைப் பார்த்தாள். அடியில் இரண்டு செருப்புகளின் நிழல், அசையாமல் நின்றது. கர்ப்பப்பையில் கோளாறு என்று வெளியே கேட்டால், சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வேறு மருமகள் தேடுவார்கள்.

"இல்லக்கா."

மறுநாள் பையை எடுத்து, அதன் கழுத்தைக் கட்டி, பாதையைத் தைத்து மூடினார்கள். பத்தாம் நாள், எடுத்த பையின் சோதனை முடிவைக் கேட்கத் தையல்காரி தனியாகப் போனாள். டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்தாள்.

"உள்ள பழைய ரத்தம். கர்ப்பப்பையோட உள்தோல் அங்க போய் ஒட்டியிருக்கு. புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. ஆனா தூரத்துல வீங்காதுன்னு ஸ்கேன்ல சொன்னீங்களே? தெரிஞ்சிருந்தா சுத்தி இன்னும் தாராளமா எடுத்திருப்பேன். மிச்சம் இருந்தா திரும்ப வளரும். வயித்துக்குள்ளயும் இருக்கலாம், பாக்கணும். வீட்டுக்காரரக் கூட்டிட்டு வாங்க."

அவள் கூட்டிப்போகவில்லை.

புண் ஆறித் தழும்பானது. மிஷின் ஓடியது. அடுத்த தூரத்தின் முதல் நாள், மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தவளுக்குத் தழும்புக்கு அடியில் ஏதோ சுருக்கென்று இழுத்தது. பக்கத்து மேஜையில் நாத்தனார் பொத்தான் எண்ணுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்லக்கா, ஊசி குத்திடுச்சு."

சொல்லிவிட்டு இழுப்பறையைத் திறந்தாள். காடாத்துணிப் பட்டை, மடித்து வைத்தது வைத்தபடி இருந்தது.