கல்லில் இருந்த பெயர்

செம்மணல் மேட்டில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சியில் வெள்ளைக் கோவில். அதற்கு அப்பால் கடல். பார்க்க முடியாத அளவுக்கு வெளிச்சம்.

காற்று. தாழம்புதர்களை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்திருந்த காற்று.

ஊர்ப்பலகைக்குப் பக்கத்தில் ரெமி வண்டியை நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். கடலின் சத்தம் வெளியே நின்றுவிட்டது.

“ஹில்டா, வேற எங்கயாவது போயிரலாமா?”

எங்கள் கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருடம் அது. மகள் ஷாலின், கோயம்புத்தூரில் அவருடைய ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையை இரண்டு நாள் மூடவைத்து எங்களை அனுப்பியிருந்தாள். குமரிக் கடற்கரையில் ஒரு கிராமம். பழைய கோவில். ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கல். அந்த வீட்டு மீன் சாப்பாடு, அந்த வீட்டிலேயே ஊறவைத்த திராட்சை ஒயின். ஷாலின் போனில் போட்டுக்கொடுத்த வழியிலேயே வந்ததால், ஊரின் பெயரைப் பலகையில்தான் அவர் முதலில் பார்த்தார்.

“பாப்பா ஆசையா ஏற்பாடு பண்ணியிருக்குங்க. வாங்க, போலாம்.”

அவர் வண்டியை எடுத்தார். ராத்திரி முழுக்க ஓட்டிவந்த களைப்பு என்று நினைத்தேன். தனக்கு யாரும் இல்லை என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொண்டார். யாரும் இல்லாத ஒருவருக்கு எல்லாமுமாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்காரம்மா பெயர் பிரிஜித்தாள். அறுபதை நெருங்கும் வயது. வாசலிலேயே நின்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரெமி குனிந்த தலையோடு, தலைவலி என்று முனகிக்கொண்டு, அறைக்குள் போய்விட்டார்.

“அவரு படுக்கட்டு. நீ வா மக்களே, ஊரக் காட்டுதேன்.” மகளைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள்.

போனோம். மணல். பனைகள். வலைகளின் மேல் காயும் நெத்திலி, வெள்ளி வெள்ளியாக. கோவிலுக்குள் குளிர்ந்த இருட்டு. கப்பலில் வந்த மரத்தில் செய்த பீடம் என்றாள். தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக இருந்தது.

எல்லாம் அழகாக இருந்தது. எல்லாம் மிக அழகாக இருந்தது.

கோவிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்தபடி ஒரு கருங்கல். ஆள் உயரம். அதில் ஐந்து பெயர்கள்.

“இருபத்தெட்டு வருசம் ஆச்சு. புயல்ல போன மீன்புடி போட்டு. அஞ்சு பேருல ஒருத்தருக்க உடம்பும் கெடைக்கல்ல.” விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். மூன்றாவது பெயரின் மேல் விரலை வைத்தாள். “இது எனக்க மாப்பிள. கீழ உள்ளது எனக்க கொழுந்தன்.”

படித்தேன்.

சூ. ரெமிஜியூஸ். வயது 22.

மறுபடியும் படித்தேன். காற்று அடித்துக்கொண்டிருந்தது. மறுபடியும் படித்தேன்.

“சூன்னா?” என்று கேட்டேன். என் குரல் எங்கிருந்தோ வந்தது.

“சூசைமிக்கேல். எனக்க மாமனாரு.”

எங்கள் கல்யாணப் பதிவேட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. நான் அதன் பக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். சூசைமிக்கேல் மகன் ரெமிஜியூஸ்.

இருபத்தெட்டு வருடம் முன்பு செத்தவர். இருபத்தைந்து வருடம் முன்பு என்னைக் கட்டியவர். இந்த நிமிடம் இவள் வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவர்.

மேட்டிலிருந்து இறங்கினேன். கால் எங்கே படுகிறது என்று தெரியாமல் இறங்கினேன்.

அறையில் அவர் படுத்திருக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“உங்க பேரு கல்லுல இருக்கு.”

அவர் நிமிர்ந்தார். “கல்லா? கல்லு வச்சிருக்காங்களா?” அதற்குத்தான் முதலில் அழுதார். கல் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு.

பிறகு சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“போட்டு கவுந்துருச்சு. எனக்கும் அண்ணனுக்கும் ஒரு கேன் கெடைச்சுது. வெறும் டீசல் கேன். ரெண்டு பேரத் தாங்கல. அவன் கை தளர்ந்துபோய் என் காலப் புடிச்சுட்டான். நானும் சேந்து முங்கினேன்.”

கடல் ஜன்னலுக்கு வெளியே சத்தம் போட்டது.

“நான் உதறினேன், ஹில்டா. காலை உதறினேன்.”

மறுநாள் ஒரு சரக்குக் கப்பல் அவரைத் தூக்கியிருக்கிறது. வடக்கே ஏதோ துறைமுகத்தில் இறக்கிவிட்டிருக்கிறது. ஊருக்கு ரயில் இருந்தது. ஏறவில்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏறவே இல்லை.

நான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். எப்போது அவ்வளவு தூரம் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. அந்தக் கால்களுக்கு எத்தனை வருடம் எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறேன்.

“சாப்பிட வாங்க!” பிரிஜித்தாளின் குரல்.

அவர் எழுந்தார். தடுக்கவா, தள்ளவா என்று தெரியாமல் நான் பின்னால் போனேன்.

மேசை நிறைய இருந்தது. அவித்த மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் அரைத்த மீன் குழம்பு, பொரித்த நெத்திலி. சிறிய கண்ணாடித் தம்ளர்களில் அவள் ஒயினை ஊற்றினாள். ஆழ்ந்த சிவப்பு. கிராம்பு மணத்தது.

“நாலு மாசம் வாய் கெட்டின பரணியில ஊறிக் கெடந்தது. குடிச்சுப் பாருங்க.”

“மைனி” என்று அண்ணியைக் கூப்பிட்டார் ரெமி.

புட்டி விழவில்லை. அவள் அதை மெல்ல, மிக மெல்ல, மேசையில் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். கிட்டே வந்து அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள்.

“மாதாவே.” பிறகு, “எலே ரெமி.” அவர் கன்னங்களைக் கையில் ஏந்திக்கொண்டாள். சிரித்தாள். அழுதாள். இரண்டும் ஒரே சத்தமாக இருந்தது.

அப்புறம் அவள் கண் வாசலுக்குப் போனது.

நான் அதைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். தம்பி வந்துவிட்டானென்றால், பின்னாலேயே இன்னொருவனும் வரலாம் இல்லையா.

“அண்ணன் எங்கல?”

ரெமி சொன்னார். என்னிடம் சொன்ன அதே சொற்கள். கேன். கை. கால். எதையும் விட்டுவிடவில்லை. அவர் சொல்லி முடிக்கும் முன்பே அவள் கைகள் அவர் கன்னத்தை விட்டு இறங்கிவிட்டன.

உள்ளே போனாள். குழம்பில் ஆடை படியும் நேரம்வரை வரவில்லை. வந்தபோது கையில் சுத்தியலும் உளியும் இருந்தன.

“நீ செத்தவனில்ல. செத்தவங்க கூட ஒனக்க பேரு நிக்கப்பிடாது. போயி வெட்டி எடு.”

உச்சிவெயிலில் மூன்று பேரும் நடந்தோம். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்தார்கள். யார் இது என்று ஒருவர் கேட்டார்.

“ரெமி. சூசைமிக்கேலுக்க எளைய மவன்” என்றாள் பிரிஜித்தாள், நிற்காமல்.

பின்னால் காலடிகள் கூடிக்கொண்டே வந்தன.

ரெமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன்னால் முட்டி போட்டார். முதல் அடி விழுந்தது. கருங்கல் தூள் பறந்தது. கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தாள். கல்லில் முதல் பெயர் அவள் கணவனுடையது.

“அப்போ எனக்க ஆளு? எனக்க ஆளும் எங்கயாவது இருப்பாரா? சொல்லுல!”

“இல்லக்கா” என்றார் ரெமி. “கவுந்த ஒடனே போயிட்டாரு. நான் பாத்தேன்.”

இருபத்தெட்டு வருடம் கழித்து அவள் அன்றுதான் விதவையானாள். அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அடி. அடி. ஒவ்வொரு எழுத்தாகப் போனது. ‘ரெ’ போனது. ‘மி’ போனது. உள்ளங்கை கிழிந்து சுத்தியல் பிடியில் ரத்தம். யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. நானும்தான். கடைசியில் ‘சூ’ மட்டும் நின்றது. உளியை அதன்மேல் வைத்துவிட்டு அவர் நிறுத்தினார்.

“அப்பா பேரு, மைனி.”

“அத விடு” என்றாள். “அது கெடக்கட்டு.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “மக்களே, ஒனக்கும் தெரியாதா?”

“தெரியாதுங்கக்கா.”

என் கையைப் பிடித்தாள். காலையில் வாசலில் பிடித்ததைவிட இறுக்கமாக. “வா. நீ இன்னும் சாப்பிடல்ல.”

இறங்கினோம். கூட்டம் வழிவிட்டது. பாதி மேட்டில் நான் திரும்பிப் பார்த்தேன். கல்லின் பக்கத்தில் ரெமி நின்றுகொண்டிருந்தார். யாராவது கூப்பிட வேண்டும் என்பதுபோல.

நான் கூப்பிடவில்லை. என்னால் முடியவில்லை. நாளைக்கு முடியுமா, ஷாலினிடம் என்ன சொல்வேன், எதுவும் தெரியவில்லை.

பிரிஜித்தாள் நின்றாள். திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவரிடம் அல்ல, என்னிடம்.

“மணலு சுடும். செருப்பப் போட்டுட்டு வரச் சொல்லு.”

சொன்னேன்.