ஆளுக்குப் பாதி பெல்ட்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு கால். எடப்பாடியில் ஒரு வீட்டு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஓர் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் அவர் கால் ஒரு மிதியை அழுத்திக்கொண்டே இருந்தது, சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பழைய தையல் மிஷினின் ஸ்டாண்டு அது. மிஷின் இருக்க வேண்டிய இடத்தில் மிக்ஸி இருந்தது.

மிஷினின் தலை எங்கே போயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும், கதை கிடைத்திருக்காது. ரசத்தை முடித்துக்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

2.

சின்னண்ணன் இறந்த அன்று ஜலகண்டாபுரமே துக்கத்தில்...

(பொய். ஜலகண்டாபுரம் அன்றும் தறி ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.)

சின்னண்ணன் என்பது அவர் பெயர், கல்யாணம் கட்டாத மனிதர். விசைத்தறித் துண்டுகளுக்கு ஓரம் அடித்தே காலத்தை ஓட்டியவர். அவர் அப்பா காலத்து மிதி மிஷின் அது. கறுப்பு உடம்பில் தங்கக் கொடி பாதி அழிந்திருக்கும். கடைசி நாட்களில் அவர் தெளிவாகச் சொன்னது ஒன்றுதான்.

"மிஷினு என் ரெண்டு மருமகளுக்கும்."

மருமகள்கள் என்றால் அவருடைய அண்ணன் மகன்களின் மனைவிகள். பெரியவன் ரமேஷ்குமாரின் மனைவி ஜெயப்பிரியா. சின்னவன் அறிவின் மனைவி சௌந்தர்யா. எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள்.

அண்ணனும் தம்பியும் அப்போதுதான் பாகம் பிரித்திருந்தார்கள். பங்காளிகளுக்கு நியாய வெறி பிடித்தால் தெரியுமல்லவா? முருங்கை மரத்தில் வாசல்பக்கக் கிளை பெரியவனுக்கு, கொல்லைப்பக்கக் கிளை சின்னவனுக்கு என்றுகூடப் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சூட்டிலேயே ஸ்குரு டிரைவரை எடுத்து மிஷினைக் கழற்றினார்கள். தலை பெரியவனுக்கு, ஸ்டாண்டு சின்னவனுக்கு. அதுவரை தகராறு இல்லை.

பெல்ட் மிச்சமிருந்தது.

தோல் பெல்ட், தலையையும் காலையும் சேர்ப்பது. அது யார் பங்கு? இரண்டு பேரும் ரொம்ப நேரம் யோசித்தார்கள். பிறகு அண்ணன் பிடித்துக்கொள்ள, தம்பி அதைச் சரிபாதியாக அறுத்தான்.

(நானாக யோசித்தால் இவ்வளவு முட்டாள்தனம் வராது. கதை தானாகவே செய்துகொண்டது.)

3.

பெல்ட் அறுபட்ட நொடியில் ஜெயப்பிரியா பக்கென்று சிரித்துவிட்டாள். சௌந்தர்யா முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பாதியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அந்த வாரமே அறிவு எடப்பாடிக்குக் குடிமாறினான். ஓரகத்திகளுக்குள் பேச்சு நின்றது.

முதல் பிரதியில் சௌந்தர்யாவைப் பொல்லாதவளாக எழுதியிருந்தேன். பாதி பெல்ட்டை ஆட்டுக்குட்டியின் கழுத்தில் கட்டிவிடுவாள். எழுதி முடித்த பிறகு எனக்கே மனசு கேட்கவில்லை. இருவரும் ஒரே சேலையை இரண்டு நிறத்தில் எடுத்தவர்கள், மாமியார் தூங்கியதும் பஜ்ஜி சுட்டுத் தின்றவர்கள். ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிட்டேன்.

ஜெயப்பிரியாவுக்கு மிஷின் ஓட வேண்டும். அதைவிட, சௌந்தர்யா பேச வேண்டும். இந்தக் கதையில் அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் மூத்தவள் எப்படி முதலில் போன் செய்வது? அலமாரி மேல் இருந்த தலையின் கைச்சக்கரத்தைப் போகவர ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். நூலில்லாத ஊசி ஏறி இறங்கும்.

4.

ஆயுத பூஜை வந்தது. ஜெயப்பிரியா வீட்டில் கத்தரிக்கோல்வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாள். மிஷின் தலைக்கும் வைத்தாள். வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்று பார்த்தாள். கால் இல்லாததைக் கும்பிடுவது என்னவோ போலிருந்தது. தலையைத் துண்டில் சுற்றி ஸ்கூட்டரில் காலடியில் வைத்தாள், பாதி பெல்ட்டைப் பையில் போட்டாள், எடப்பாடிக்குக் கிளம்பிவிட்டாள்.

(இந்த இடத்தில் சௌந்தர்யாவும் ஸ்டாண்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எதிரே வருவதாக ஒரு வடிவம் இருக்கிறது. நடுவழியில் இருவரும்... வேண்டாம். ரொம்ப அழகாக இருக்கிறது, யாரும் நம்பமாட்டார்கள்.)

வழி நெடுக ஜெயப்பிரியாவுக்கு ஒரே பயம். தன் பாதியைச் சௌந்தர்யா தூக்கிப் போட்டிருந்தால்?

5.

சௌந்தர்யா கதவைத் திறந்தாள். எதிரே ஓரகத்தி, கையில் குழந்தையைப் போல ஒரு மூட்டை, அதன் நெற்றியில் குங்குமம்.

"உள்ள வரச் சொல்ல மாட்டியா சாமி? கை உட்டுப்போச்சு."

சௌந்தர்யா நேரே போய் ஸ்டாண்டின் மேலிருந்த மிக்ஸியைத் தரையில் வைத்தாள், அதன் அடிப் பலகையை உருவினாள். ஸ்டாண்டின் பள்ளத்தில் தலை பொருந்தி உட்கார்ந்தது. ஜெயப்பிரியா தன் பாதி பெல்ட்டை எடுத்து நீட்டினாள். அது காய்ந்து வெடித்திருந்தது. சௌந்தர்யா அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து தன் பாதியைக் கொண்டுவந்தாள். தேங்காய் எண்ணெய் தடவித் தடவி அது மெத்தென்று மின்னியது.

ஜெயப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்று சிரித்ததற்குக் கோபமா என்று ஒருவழியாகக் கேட்டாள்.

"கோவமா? நீங்க சிரிச்சதும் எனக்கும் சிரிப்பு வந்துருச்சுங்க்கா. அங்கயே சிரிச்சா அவரு மொகம் சுண்டிப் போயிருமுன்னு உள்ள ஓடிட்டேன். தலகாணிய வாயில வெச்சுச் சிரிச்சேன். அப்பறம் நீங்களும் கூப்பிடலை."

(சத்தியமாக இது எனக்கும் தெரியாது. அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மூன்றாம் பகுதியை இனி எந்த முகத்தோடு திருத்துவது?)

கம்பியை வளைத்து இரண்டு கொக்கி போட்டு, வெடித்த பாதியையும் மின்னும் பாதியையும் சேர்த்தார்கள். இரண்டு பேருமே உட்கார ஆசைப்பட்டதால் ஒரே ஸ்டூலில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்தார்கள். மிதித்தது சௌந்தர்யா, துணியைப் பிடித்தது ஜெயப்பிரியா. எடுத்த எடுப்பில் சக்கரம் பின்னால் சுற்றி நூல் பட்டென்று அறுந்தது. அந்தச் சிரிப்பு தெருமுனைவரை கேட்டது. இரண்டாம் முறை தையல் ஓடியது. கோணல்தான். ஆனால் ஓடியது.

6.

இனி மிஷின் யார் வீட்டில் இருப்பது? இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன், மூன்றிலும் ஒருத்தி கொஞ்சம் முகம் வாடுகிறாள். எனக்கு அது பிடிக்கவில்லை. அங்கே ரமேஷ்குமாரும் அறிவும் போனில் இதையே பேச ஆரம்பித்துவிட்டார்களாம், நியாயமாக ஒரு வழி இருக்கிறதாம். இவர்கள் போனை எடுக்கவில்லை. சௌந்தர்யா மிதித்துக்கொண்டிருக்கிறாள், துணி இன்னும் முடியவில்லை.

அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். ஜலகண்டாபுரத்தில் வையுங்கள், எடப்பாடியில் வையுங்கள், உங்கள் வீட்டிலேயேகூட வைத்துக்கொள்ளுங்கள். ஸ்குரு டிரைவரை மட்டும் எடுத்து வராதீர்கள்.