வில்லங்கம் இல்லாத பதினைந்து நாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வங்கி வரிசையில் கிடைத்தது. எங்கள் ஊரான கொச்சபாம்பாவில் கூட்டுறவு வங்கி ஒன்றில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் கடன் அதிகாரியோடு வாதாடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். (இதில் பொய் இருக்கிறது. எவ்வளவு என்று பிறகு சொல்கிறேன்.)

முதல் தொடக்கம்: "சொந்த வீடு என்பது மனிதனின் ஆதி…" வேண்டாம். எனக்கே கொட்டாவி வருகிறது.

இரண்டாம் தொடக்கம்: சுல்மா தெர்ராசாஸ், கான்ச்சா சந்தையில் பள்ளிச் சீருடை விற்பவள். வயது முப்பத்தாறு. பன்னிரண்டு வருடம் சேர்த்ததை முதலாகப் போட்டு ஒரு வீட்டை வாங்கி, அதிலிருந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று என்று முன்னேறக் கிளம்பினாள்.

இது போதும்.

2

தப்பு ஒன்றுதான் செய்தாள். வங்கிக்குப் போகுமுன் புரோக்கரிடம் போனாள்.

புரோக்கர் வால்தோ ஒரு மாடி வீட்டைக் காட்டினான். உள்ளே ஒத்திக்கு ஒரு கிழவர். பதினெட்டாயிரம் டாலரை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருக்கிறார். காலி செய்யும்போது முழுசாக வாங்கிக்கொண்டு போவார். இந்த ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம்.

"ஒத்திக்காரர் இருக்கறது உங்களுக்கு லாபம், தோன்யா சுல்மா. விலையில அந்தப் பதினெட்டக் கழிச்சுட்டு மீதியக் குடுங்க. அவர் போகும்போது நீங்க குடுத்துக்கலாம்." (இங்கே மரியாதைக்குப் பெண்ணைத் தோன்யா என்போம், ஆணைத் தோன் என்போம்.)

"அப்ப எங்கிட்ட ஏது அவ்ளோ?"

"அடுத்த ஒத்திக்காரர் குடுப்பாரு. ஊரே அப்படித்தாங்க ஓடுது!"

ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாள். மாதக் கடைசிக்குள் கிரயம் முடியாவிட்டால் அது கோவிந்தா. பிறகுதான் மீதிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள்.

கடன் அதிகாரி மிர்தா வில்லங்கச் சான்றிதழைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"ஒத்தி பதிவாயிருக்கே. எங்க அடமானம்தான் முதல்ல நிக்கணும். அவரு ரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா மறுநாளே பணம்."

"அப்ப அவர் பணத்துக்கு என்ன ஆதாரம்?"

"அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள விஷயம்மா."

வெளியே காத்திருந்த வால்தோ சிரித்தான். "பதினஞ்சே நாளு! ரத்து பண்ணட்டும், கடன் வரட்டும், மறுபடி பதிஞ்சு குடுத்துடுங்க."

3

இங்கே நின்றுவிட்டேன். அந்தக் கிழவருக்கு ஒரு பெயர் வேண்டும். 'ருஃபினோ' என்று வைத்தேன், அடித்தேன். கிழவரை எடுத்துவிட்டு 'விதவை கசில்தா' என்று மாற்றினேன். வாசகர் அழுதுவிடுவார் என்று அதையும் அடித்தேன்.

சரி, சொல்லித் தொலைக்கிறேன். அந்தக் கிழவன் நான்தான். பெயர் எலியோதோரோ. பாடப்புத்தக அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தினேன். அச்சகத்தை மூடும்போது கொடுத்த பணம்தான் அந்தப் பதினெட்டாயிரம்; வேறு எதுவும் என்னிடம் கிடையாது. டோக்கனும் இல்லை, வரிசையும் இல்லை. நேற்று சுல்மா என் வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் அவளே சொன்னாள். வால்தோவின் சிரிப்பைக்கூட நடித்துக் காட்டினாள்.

"உள்ள வாங்கன்னு சொல்ல மாட்டீங்களா, தோன் எலியோ?"

"உங்க வீடாகப் போற வீடு. நான் என்ன சொல்றது?"

"குத்தாதீங்க." உட்கார்ந்தாள். "உங்ககிட்ட விவரம் சொல்லவே வேணாம்னான் அந்த ஆளு. 'பதிவப் புதுப்பிக்கறோம்னு சொல்லி ஒரு கையெழுத்து வாங்குங்க, போதும்'னான்."

"அப்புறம் ஏன் சொல்றீங்க?"

"என் வாய் சும்மா இருக்காதுங்க."

4

மேலே உள்ள சுல்மாவை மறுபடி படித்துப் பார்த்தேன். நல்லவளாகத்தான் இருக்கிறாள். ஆனால் எழுதியது நானல்லவா? 'குத்தாதீங்க' என்ற இடத்தில் அவள் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை, எடுத்துவிட்டேன்.

[இது மட்டும் நிஜம். போன ஆகஸ்டில் உர்குப்பின்யா மாதா குன்றில் எல்லாரையும் போல அவளும் பாறையை உடைத்துக் கல் எடுத்து வந்தாள். அது மாதா தரும் கடன். மறு வருடம் கொண்டுபோய்த் திரும்ப வைக்க வேண்டும். கல்லைத் துணியில் முடிந்து, எடையைச் சீட்டில் எழுதிக் கடையில் வைத்திருக்கிறாள். "ஒரு துண்டு குறையக் கூடாதுங்க" என்றாள். மாதாவுக்குத் திருப்புகிறவள் எனக்கும் திருப்புவாள்தானே? ஆனால் மாதாவிடம் பயம் இருக்கும். என்னிடம் என்ன பயம்?]

5

முடிவு அ: கையெழுத்துப் போடுகிறேன். பதினாறாம் நாள் புதுப் பத்திரத்தோடு வருகிறாள். கதைக்குச் சப்பென்று இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டும்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறேன். அவள் கடைசிவரை நல்லவள்தான். ஆனால் பதினைந்து நாளுக்குள் பழைய உரிமையாளரின் கடன்காரர் ஒருவர் வீட்டின்மேல் வழக்குப் போடுகிறார். கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. நான் மட்டும் பெட்டியோடு தெருவில்…

முடிவு இ: போடவில்லை. அவளுடைய ஐயாயிரம் போகிறது. நான் பத்திரமாக இருக்கிறேன். சந்தையில் அவள் கடை இருக்கும் வரிசைப் பக்கமே போவதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றுக்கும்தான்.

6

இன்று காலை இதையெல்லாம் அவளிடமே கொடுத்தேன். கடையில் நின்றபடி, உதடு அசைய, கடைசி வரி வரை படித்தாள்.

"மூணு முடிவுலயும் நீங்கதான் கையெழுத்துப் போடறீங்க, இல்ல போடல. என் கையெழுத்து எங்க?"

பேனாவைப் பிடுங்கி, இந்தத் தாளின் அடியிலேயே எழுதினாள்: 'தோன் எலியோதோரோவுக்குப் பதினெட்டாயிரம் டாலர் நான் தர வேண்டும். சுல்மா தெர்ராசாஸ்.'

முத்திரை இல்லை. நோட்டரி இல்லை. பதிவு அலுவலகத்தில் காட்டினால் சிரிப்பார்கள். மிர்தா பேனாவைத் திறக்கக்கூட மாட்டாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு நோட்டரி வரச் சொல்லியிருக்கிறார். நான் போட்டேனா என்பதை எழுதப் போவதில்லை. போட்டால், அதற்குப் பிறகு என் பணத்துக்கு உலகத்தில் இருக்கும் ஒரே ஆதாரம் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கதைதான். அவள் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டீர்கள். நம்பினால் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். நம்பாவிட்டால் பத்து மணிக்குள் என்னிடம் வந்து சொல்லிவிடுங்கள்.

சாட்சி: ……………………