தம்பிக்கு நான்

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு தெரு. அந்தத் தெருவில் பிறந்த ஆண்பிள்ளை எல்லாம் திருடன் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. திருடினானா இல்லையா என்று கேட்கிற சோலியே கிடையாது. பத்து விரலையும் மையில் தோய்த்துக் காகிதத்தில் உருட்டி ஸ்டேஷனில் வைத்துக்கொள்வார்கள். அதன்பிறகு போலீஸ் சீட்டு இல்லாமல் அடுத்த ஊருக்குப் போகக் கூடாது.

ரேகை எடுத்த அன்று மந்திரமூர்த்தி குற்றாலத்தில் இருந்தான். சாரல் நேரம். அருவிக்கு வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற வேலை. அவன் அண்ணன் சங்கரபாண்டி வரிசையில் நின்று தன் விரல்களை உருட்டினான். தம்பியின் பெயரைக் கூப்பிட்டதும் மறுபடியும் போய் நின்றான். குளம் வெட்ட ஆள் கூப்பிட்டால் அப்படித்தான். வீட்டில் ஒருவன் இல்லையென்றால் இன்னொருவன் அவன் பங்கையும் வெட்டிவிட்டு வருவான், யாரும் குறை சொன்னதில்லை. "தம்பிக்கு நான்" என்றான். போலீஸ்காரர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து உருட்டினார்.

மறு வருஷம் மந்திரமூர்த்தியின் மனைவி சந்தனமாரி தலைப்பிரசவத்துக்காகச் செங்கோட்டையில் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். வலி கண்டும் பிள்ளை வரவில்லை என்று அங்கிருந்து ஆள் வந்தது. மந்திரமூர்த்தி சீட்டுக்கு ஓடினான். செங்கோட்டை திருவிதாங்கூர் சீமை. சீட்டில்லாமல் எல்லை தாண்டினால் ஜெயில்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் புதிதாக வந்தவர், பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அவன் பெருவிரலை ஒற்றி, காகிதத்தோடு வைத்துப் பார்த்தார்.

"நீ மந்திரமூர்த்தி இல்லையேலே. அவனை எங்கன ஒளிச்சு வச்சிருக்கிய?"

"நாந்தான் எசமான். எம் பொஞ்சாதி அங்கன உசுருக்குப் போராடுதா."

தெருவே வந்து சாட்சி சொன்னது. திருடர் தெருவின் சாட்சி யாருக்கு வேண்டும்? சங்கரபாண்டி காலில் விழுந்தான்.

"அன்னைக்கு இவனுக்கும் சேத்து நாந்தான் கை குடுத்தேன் எசமான். புத்தியில்லாமச் செஞ்சுட்டேன்."

அவன் விரலையும் ஒற்றிப் பார்த்தார்கள். இரண்டு பெயருக்கும் ஒரே ரேகை.

"இதை மேலே எழுதிக் கேக்கணும். உத்தரவு வாற வரைக்கும் காகிதத்துல உள்ளபடிதான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ரேகை இல்லாத மந்திரமூர்த்தியை லாக்கப்பில் போட்டார்கள். பாவி மனுஷன், கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

மறுநாள் காலையில் செங்கோட்டையிலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது. கொள்ளி வைக்கப் புருஷன் வரவேண்டும் என்று காத்திருக்கிறார்கள்.

சப்-இன்ஸ்பெக்டருக்கும் மனசு இளகியது, இல்லையென்று சொல்லக் கூடாது. உடனே மந்திரமூர்த்தி பெயருக்குச் சீட்டு எழுதினார். சீட்டில் பெருவிரல் வைக்க வேண்டும், அது காகிதத்தில் உள்ள ரேகையோடு ஒத்துப்போக வேண்டும். சங்கரபாண்டியைக் கூப்பிட்டார்.

"விரலை வையிலே. நீ போ."

"தம்பி பொஞ்சாதி எசமான், எனக்கு மக மாதிரி. நான் எப்படிக் கொள்ளி வைப்பேன்?"

"சாயங்காலம் வரைக்குந்தான் சீட்டு."

அண்ணன் கம்பிக்குள் இருந்தவனைப் பார்த்தான். தம்பி கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"போண்ணே. அவ காத்துக் கெடக்கா."

சுடுகாட்டில் சந்தனமாரியின் அப்பா கொள்ளியை வைத்துக்கொண்டு மருமகனைத் தேடினார். சங்கரபாண்டி மைக்கறை போகாத கையை நீட்டினான்.

"தம்பிக்கு நான்" என்றான்.